முகம் பார்த்து வேலை கொடுத்த அப்பா

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும், கம்பெனிக் குடும்பத்தாருக்கும், சிவகாசி விருதுநகர் வியாபார நண்பர்களுக்கும் மகளின் பணிவான வணக்கம். கட்டுரை எழுதும் பொறுப்பை அண்ணன்மார் இருவரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். "வாய் ஓயாமப் பேசுறவ நீதான, நீயே எழுது" என்று மூத்த அண்ணன் சொல்லிவிட்டார். எழுதுகிறேன். நீளமாகப் போனால் அந்தப் பழி அவரைச் சேரட்டும்.

அச்சாபீசிலிருந்து முதல் பக்கத்துக்கு மாதிரி கொண்டுவந்து காட்டினார்கள். அப்பாவின் படத்துக்குக் கீழே "தொழிலுலகச் சிங்கம்" என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் தொழில் செய்து மறைந்த ஆண்கள் அத்தனை பேரும் சிங்கம்தான். எழுத்தைக் கோத்துத் தயாராகவே வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அதை எடுத்துவிடச் சொன்னேன். அப்பா சிங்கம் இல்லை. தூரத்தில் இடிச் சத்தம் கேட்டாலே முகம் வெளுத்துப்போகும். எதிரில் இருப்பவர் அழுதால் இவருக்கும் கண் நிறைந்துவிடும். அதட்டிப் பேச வராது. தெரியாததைத் தெரியாது என்று கூலியாளிடமே சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட குணத்தை வைத்துக்கொண்டு பட்டாசுக் கம்பெனி நடத்தினாரே என்று பலர் ஆச்சரியப்பட்டதுண்டு. அந்தக் குணத்தால்தான் நடத்தினார் என்று சொல்வதற்கே நான் பேனாவை எடுத்தேன்.

அப்பா பிறந்தது விருதுநகருக்கு வடக்கே, கரிசல் காட்டில் ஒரு சின்ன ஊர். பருத்தியும் கம்பும் விளைந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்கிற குடும்பம். அப்பா தவழுகிற பருவத்திலேயே அவரைப் பெற்ற தாய் காலமாகிவிட்டார். மூத்தவரான பெரியப்பா தகப்பனாரோடு பருத்தி வண்டியில் சந்தைக்குப் போய்வந்து, பத்து வயதுக்குள் பேரம் பேசக் கற்றுக்கொண்டார். அப்பாவை வளர்த்தது நடுவில் பிறந்த இரண்டு அத்தைமார். அடுப்படிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். எந்த அக்கா எதற்குக் கோபமாக இருக்கிறாள், யார் சாப்பிடாமல் சாப்பிட்டதாகச் சொல்கிறாள் என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். எனக்குச் சின்ன வயதில் தலை பின்னிவிட்டது அம்மா இல்லை, அப்பாதான். அம்மா பின்னினால் மண்டைத்தோல் வலிக்கும்.

மழை பொய்த்த ஒரு காலத்தில் அண்ணனும் தம்பியும் ஊரைவிட்டு விருதுநகருக்கு வந்தார்கள். மல்லி, வத்தல் கமிஷன் கடையில் மூட்டை தூக்கினார்கள், சாக்கு தைத்தார்கள். அங்கே சேர்த்ததைக் கொண்டு சிவகாசிக்கு வந்து, முதலில் பிறருக்கு லேபிள் ஒட்டிக் கொடுத்து, பிறகு நாரணாபுரம் பக்கம் கொஞ்சம் நிலம் பிடித்து, சொந்தமாகப் பட்டாசு போட்டார்கள். ஆர்டர் பிடிப்பதும் வசூலும் டவுன் ஆபீஸும் பெரியப்பா பொறுப்பு. கம்பெனிக்குள் ஆட்களும் வேலையும் அப்பா பொறுப்பு. பெரியப்பா ஒரு குரல் கொடுத்தால் பஜார் முனை வரை கேட்கும். அப்பா பேசினால் பக்கத்தில் நிற்பவர் குனிந்து கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதிகாரம் அம்மாவிடம் இருந்தது. பால்காரரிலிருந்து கம்பெனிக் கணக்கப்பிள்ளை வரை அம்மாவுக்குப் பயப்படாதவர் கிடையாது. அம்மாவே சொல்வார்: "நல்லவேளை, நான் ஆம்பளையாப் பொறக்கல. பொறந்திருந்தா இந்தக் கம்பெனிய ஒரே சீசன்ல இழுத்து மூடியிருப்பேன்." ஆகவே, நான் எழுதுவதைப் பெண்கள் மென்மை, ஆண்கள் முரடு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குணம் யாரிடம் வேண்டுமானாலும் வந்து உட்காரும். எங்கள் வீட்டில் அது இடம் மாறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கம்பெனி தொடங்கிய புதிதில் ஒரு விபத்து நடந்தது. வெடி மருந்து கலக்கும் சின்ன அறை கம்பெனியின் கோடியில் தனியாக இருக்கும். மருந்து ரூம் என்போம். அங்கே கலவை போடுகிறவர் விஸ்வநத்தத்துக் கருப்பசாமி அண்ணன். ஒருநாள் காலையில் அவர் கையிலிருந்த மருந்து பற்றிக்கொண்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அப்பா, என்ன நடந்தது என்று விசாரித்திருக்கிறார்.

"பிள்ளைக்கு ராத்திரி பூரா வலிப்பு மொதலாளி. கண்ணு அசரல. காலையில வேலைக்கு வரும்போதே கை நடுங்குச்சு."

"அத ஏன் என்ட்ட சொல்லல?"

"யாரு கேட்டாக?"

அன்று மதியம் வீட்டுக்கு வந்த அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். அம்மா, "அழுதா வெந்த கை ஆறிருமா? யாரும் கேக்கலன்னுதான அவரு சொல்லுதாரு. நாளையிலருந்து போயி நின்னு கேளுங்க" என்றார். மறுநாளிலிருந்து அப்பா போய் நின்று கேட்டார். சாகும்வரைக்கும் கேட்டார்.

அந்த வழக்கத்தைக் கம்பெனிக்கு வெளியே உள்ளவர்கள் அறிய மாட்டார்கள் என்பதால் விவரம் சொல்கிறேன். காலையில் ஆட்கள் வரும் நேரத்தில் அப்பா கம்பெனி வாசலில் நிற்பார். கையில் கடிகாரம் கிடையாது. ஒவ்வொருவரையும் "வாங்க" என்பார். முகத்தைப் பார்ப்பார். "சாப்பிட்டீகளா, தூங்குனீகளா" என்று ஒரு வார்த்தை கேட்பார். பதில் சரியில்லை என்றால் இன்னொரு வார்த்தை. வீட்டில் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், கொழுந்தன் கல்யாணத்தில் மனத்தாங்கல் என்று எது இருந்தாலும், மனம் ஒரு நிலையில் இல்லாதவர் அன்றைக்கு மருந்தைத் தொடக்கூடாது. லேபிள் கொட்டகைக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டும். கூலியில் பிடித்தம் இல்லை. காரணத்தை நாலு பேர் முன்னால் கேட்பதும் இல்லை.

ஆரம்பத்தில் ஆண்கள் பொய் சொன்னார்கள். லேபிள் ஒட்டப் போவது மானக்கேடாக இருந்தது. ஆனால் லேபிள் கொட்டகைக்குத் தலைவிபோல இருந்த மாரியம்மாள் அக்காவிடம் பொய் செல்லாது. யார் வீட்டில் நேற்று என்ன என்பது அவருக்குக் கம்பெனி வந்து சேருமுன் தெரிந்துவிடும். "மொதலாளி, இவன் சிரிக்கிறத நம்பாதீக. பொண்டாட்டி நேத்துலருந்து பேச்சு வார்த்த இல்ல" என்று வாசலிலேயே போட்டு உடைப்பார். பெண்கள் பேசுகிற ஊர்க்கதையை மற்ற முதலாளிமார் வீண்பேச்சு என்று அதட்டுவார்கள். அப்பா அதைக் காது கொடுத்துக் கேட்பார். ஒரு கம்பெனிக்கு வேண்டிய சேதி பாதி அந்தக் கதையில் இருக்கிறது என்பார்.

இதற்கு ஊரில் கிடைத்த பெயர் "பொம்பள மொதலாளி". கல்யாண வீட்டில், கோவிலில், பேப்பர் ஸ்டோரில் என்று அப்பா காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அப்பா சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பெண்ணுக்கு நாலு குணம் சொல்வார்கள். அதில் முதலில் நிற்பது அச்சம். பட்டாசுக் கம்பெனியில் முதலாளிக்கு முதலில் வேண்டியது எது என்று இவர்கள் யோசித்தால் நல்லது. பயமில்லாத முதலாளியிடம் வேலைக்குப் போகிறவன் மனைவி தாலியைத் தடவிப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இனிச் சொல்லப்போவது உறவினரில் சிலருக்குத் தெரியும், பலருக்கு அரைகுறையாகத் தெரியும். அப்பா கம்பெனிப் பொறுப்பை இழந்த கதை. பெரியப்பாவிடம் கேட்டேன், எழுதட்டுமா என்று. "எழுது தாயி. நான் செஞ்சதையும் சேத்து எழுது" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் இருந்த வருஷம் அது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. தீபாவளிக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு பெரிய வியாபாரியின் ஆர்டரைப் பெரியப்பா பிடித்திருந்தார். எல்லாம் கலர் மத்தாப்பு. அதுவரை எங்களுக்கு அந்த அளவில் ஆர்டர் வந்ததில்லை. கலர் மருந்தின் பக்குவம் தெரிந்தவர் எங்கள் கம்பெனியில் கருப்பசாமி அண்ணன் ஒருவர்தான். ஆறிய கையோடு அவர் மறுபடி மருந்து ரூமுக்கே வந்திருந்தார். சீசன் உச்சத்தில் இருக்கும்போது ஒருநாள் காலை அவர் வாசலுக்கு வந்து நின்ற கோலத்தைப் பார்த்து, அப்பா அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். மனைவிக்கு மாமியாரோடு மனத்தாங்கல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலங்குளத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டார், திரும்பி வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"நீங்க இன்னைக்கு லேபிளுக்குப் போங்க கருப்பசாமி."

"மொதலாளி, ஆர்டர் நிக்கிது."

"நிக்கட்டும். நீங்க போங்க."

மறுநாளும் அதே முகம். அதற்கு மறுநாளும் அதே. மருந்து இல்லாமல் மற்ற அறைகளில் ஆட்கள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா டவுன் ஆபீஸிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏலே, நீ கம்பெனி நடத்துறியா, பேறுகால ஆஸ்பத்திரி நடத்துறியா?"

"அண்ணே, அவருக்கு மனசு சரியில்ல."

"மனசு எனக்குந்தான் சரியில்ல. கல்கத்தாக்காரனுக்கு யாரு பதில் சொல்ல? அவன உள்ள அனுப்பு."

"அனுப்ப மாட்டேன் அண்ணே."

அப்பா தன் அண்ணனை எதிர்த்துச் சொன்ன முதல் சொல் அதுதான் என்று அம்மா சொல்வார். அதைக்கூட மெதுவாகத்தான் சொன்னாராம்.

அப்புறம் அப்பா செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஆலங்குளம் போனார். கருப்பசாமி அண்ணனின் மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்தார். தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் தன் குறையை முதலிலிருந்து சொன்னாள். பெற்ற பிள்ளையைத் தொட விடாமல் மாமியார் பிடுங்கிக்கொள்கிறார் என்பது குறை. நடுவே அம்மா இரண்டு தரம் வாயெடுக்கப் பார்த்தாராம். அப்பா கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒரு பகல் முழுக்க அவள் பேசினாள், அழுதாள், பிறகு அவளே அடுப்பு மூட்டிச் சாப்பாடு போட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் பிள்ளையோடு கூடவே வந்துவிட்டாள். "எங்கப்பாகூட இம்புட்டு நேரம் காது குடுத்துக் கேட்டதில்ல" என்று வழியில் அம்மாவிடம் சொன்னாளாம். சிவகாசியில் பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "லோடு நிக்கிது, மொதலாளி மாமியா மருமக பஞ்சாயத்துக்குப் போயிருக்கான்."

மறுநாள் கருப்பசாமி அண்ணன் தெளிந்த முகத்தோடு மருந்து ரூமுக்குள் போனார். இரவு பகலாகச் செய்தும் பாதி ஆர்டருக்குத்தான் நேரம் இருந்தது. வேகன் எங்கள் சரக்கில் பாதியோடு போயிற்று. மீதியைக் கல்கத்தாக்காரர் வேறு கம்பெனியில் எடுத்துக்கொண்டார். பெரியப்பாவுக்குக் கைவிட்டுப் போன வியாபாரத்தைவிடச் சொன்ன வாக்குத் தவறியதுதான் பெரிய வருத்தம்.

தீபாவளி கழித்து எங்கள் வீட்டு முற்றத்தில் குடும்பத்தார் கூடினார்கள். கம்பெனிப் பொறுப்பைப் பெரியப்பாவின் மூத்த மருமகனுக்குக் கொடுப்பது என்று பேச்சு. அவர் எங்களுக்கு அத்தான் முறை. மதுரையில் ஒரு மில்லில் இருந்தவர், கண்டிப்பானவர். இந்த மலரை அவரும் படிப்பார், கோபிக்கிற ஆள் இல்லை. "தம்பிக்கு இரக்க சுபாவம். தொழிலுக்கு அது ஆகாது" என்று பெரியப்பா முடித்தார்.

அப்பா எழுந்து நின்றார். "அண்ணன் சொன்னாச் சரி. மேனேஜரா மருமகனே இருக்கட்டும். காலையில வாசல்ல நிக்கிற வேலைய மட்டும் எனக்குக் குடுத்திருங்க" என்றார்.

"மொதலாளி காவக்காரன் வேல பாக்குறதா? ஊரு சிரிக்கும்லே" என்று பெரியப்பா மறுத்துவிட்டார். நாற்காலி போனதற்கு அப்பா வருந்தவில்லை. இது மறுக்கப்பட்டதும் முகம் செத்துப்போயிற்று. நான் கதவோரம் நின்று பார்த்தேன். அந்த முகத்தை மறக்க முடியாது.

டவுனில் பேப்பர் வாங்குவது, லேபிள் அச்சடிக்கக் கொடுத்து வாங்குவது என்று அப்பாவுக்கு வேறு வேலை தந்தார்கள். செய்தார். ஆனால் சோற்றில் உப்பில்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கம்பெனிக்கு ஆள் போகிற நேரம் பார்த்துத் தெருவுக்கு வந்து நிற்பார். விஸ்வநத்தத்து ஆட்கள் யாராவது அந்த வழியே போனால் முகத்தைப் பார்ப்பார். "ஒருத்தனுக்குக் கை கால் போயிட்டா நான் எப்படி அக்காமார் முகத்துல முழிப்பேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என் அத்தைமாரைத்தான் அப்படிச் சொன்னார். அவர்கள் வளர்த்த வளர்ப்பு அது. வேலை போனதை விட, தான் கேட்காமல் விட்டதால் ஒரு குடும்பம் அழிந்துவிடுமோ என்பதே அவரைத் தின்றது.

அத்தான் வாசலில் விசில் வைத்தார். நேரத்துக்கு வராதவர் திரும்பிப் போக வேண்டும். அவரவர் வேலையை அவரவர் செய்ய வேண்டும். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், ஒரு கெடுதலும் நடக்கவில்லை. விபத்து இல்லை. வேலை முன்னைவிட வேகமாகவே நடந்தது. பெரியப்பாவுக்கு மனநிறைவு. நாங்களோ வாயை மூடிக்கொண்டோம். அப்பாவின் வழக்கம் வெறும் மனப்பிராந்தியோ என்று அண்ணன்மாருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி சொல்ல யாரால் முடியும்?

அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் கழிந்த ஒரு நாள், பெரியப்பா வீட்டில் பேரிடியாக ஒரு செய்தி. அவருடைய இளைய மகளுக்கு விருதுநகரில் பேசி முடித்திருந்த சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். காரணமும் சொல்லவில்லை. செய்தி கொண்டுவந்தவரை அனுப்பிவிட்டு, பெரியம்மாவிடம்கூட மூச்சுக் காட்டாமல், பெரியப்பா நேரே கம்பெனிக்கு வந்தார். கோபத்தை யார்மேலாவது இறக்க வேண்டும். ஏதோ மருந்து தாமதம் என்று காதில் விழுந்ததும் மருந்து ரூமைப் பார்க்க நடந்தார். இனி நடந்ததை மாரியம்மாள் அக்காவும் கருப்பசாமி அண்ணனும் சொன்னபடியே எழுதுகிறேன்.

கருப்பசாமி அண்ணன் அறையை விட்டு வெளியே வந்து வழியில் நின்றுகொண்டார்.

"பெரிய மொதலாளி, இதுக்கு மேல வராதீக."

"என்னலே சொன்ன?"

"ஒங்களுக்கு மூச்சு வாங்குது. கை நடுங்குது. இந்த நெலமையில யாரும் மருந்துக்குப் பக்கத்துல வரக்கூடாது."

"என் கம்பெனிலே இது."

"ஒங்க கம்பெனிதான். அதனாலதான் சொல்லுதேன். அங்கன வாங்க, லேபிளு கொட்டகையில செத்த உக்காருங்க."

இந்தச் சட்டத்தை யார் போட்டது, மேனேஜருக்குத் தெரியுமா என்று பெரியப்பா கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. அப்பா போன மறுநாளிலிருந்தே ஆட்கள் விசிலுக்கு முன்னால் வந்து, கம்பெனிக்கு வெளியே வேலி ஓரத்தில் கூடியிருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டு, சரியில்லாதவர் லேபிளுக்கும், லேபிளிலிருந்து விவரம் தெரிந்தவர் அவர் இடத்துக்குமாக, அத்தானுக்குத் தெரியாமல் வேலையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வேலை தடைபடக்கூடாது, சின்ன முதலாளிக்குப் பெயர் கெடக்கூடாது என்று கூடுதலாக உழைத்தும் இருக்கிறார்கள்.

"சின்ன மொதலாளி பழக்கினது. அவுக இல்லன்னு விட்டுற முடியுமா? எங்க உசுருல்ல" என்றாராம் கருப்பசாமி அண்ணன்.

பெரியப்பா திரும்பிப் போகவில்லை. லேபிள் கொட்டகைக்குள் வந்து பெண்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த ஆகிருதிக்கு அந்த இடம் போதவில்லை. மாரியம்மாள் அக்கா ஒரு கட்டு லேபிளையும் பசையையும் அவர் முன்னால் நகர்த்தினார். பெரியப்பா ஒட்ட ஆரம்பித்தார். பாதி கோணலாக ஒட்டினாராம். சற்றுக் கழித்து மாரியம்மாள் அக்கா, "என்ன மொதலாளி, வீட்ல யாருக்கும் சொகமில்லையா?" என்று கேட்டார். அதட்டுவார் என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரியப்பா சொன்னார். தன் மனைவியிடம் சொல்லாததை அங்கே சொன்னார். சொல்லும்போதே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "நல்லதுன்னு நெனைங்க. கட்டிக் குடுத்தப்புறம் புத்தியக் காட்டியிருந்தா என்ன செய்வீக?" என்றார் மாரியம்மாள் அக்கா. அந்த வார்த்தையை அன்று வீட்டில் பெரியம்மாவிடம் பெரியப்பா அப்படியே சொல்லித் தேற்றினாராம். சம்பந்தம் முறிந்த அந்த அக்கா பின்னால் சாத்தூரில் வாழ்க்கைப்பட்டு நன்றாக இருக்கிறார். இந்த மலரும் அவருக்குப் போகிறது.

அன்று மதியம் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். விரல் எல்லாம் பசை.

"ஏலே தம்பி, நாளையிலருந்து கம்பெனி வாசலுக்குப் போ."

அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடிவந்தார். "அது கெடக்கட்டும் அண்ணே. மொதல்ல உக்காருங்க. மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"அதாம்லே ஒன் வியாதி" என்று பெரியப்பா சிரித்தார், அழுதார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து அழுவதை அன்றுதான் பார்த்தேன். அம்மா இருவரையும் அதட்டி உட்காரவைத்து இலை போட்டார்.

அத்தானே மேனேஜராக இருந்தார். விசிலும் இருந்தது. ஆனால் அப்பா வாசலைவிட்டு நகர்ந்த பிறகுதான் அது ஊதப்படும். கண்டிப்பும் வேண்டியதுதான், அப்பாவே அதைச் சொல்வார். கணக்கு, நேரம், சரக்கின் தரம் இவற்றில் அத்தான் பிடித்த பிடியை அப்பா ஒருநாளும் தளர்த்தியதில்லை. அத்தானும் நாளடைவில் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கப் பழகினார். அறுபதுகளில் கம்பெனி வளர்ந்தது. சீசன் நேரத்தில் மற்றவர்கள் ஆள் கிடைக்காமல் ஊர் ஊராக வண்டி அனுப்புவார்கள். எங்கள் கம்பெனிக்கு அக்காள் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆட்களே வந்தார்கள். "பொம்பள மொதலாளி" என்று சொன்னவர்களில் இரண்டு பேர் தங்கள் மகன்களை எங்கள் வாசலில் சில நாள் நின்று பார்த்து வரும்படி அனுப்பினார்கள். பெயரைச் சொன்னால் அம்மா வைவார், விடுகிறேன்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நெஞ்சில் வலி கண்டது. வீட்டோடு இருக்கும்படி டாக்டர் சொல்லிவிட்டார். படுத்திருந்த நாளிலும் பார்க்க வந்தவர்களை அப்பாதான் நலம் விசாரித்தார். வலியை வெளியே காட்டவில்லை. கடைசி நாள் காலையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கொஞ்சம் தூங்கு" என்றார். அதன் பிறகு பேசவில்லை. நிறைவாக வாழ்ந்து நிறைவாகப் போனார். எங்களுக்குக் குறை என்று ஒன்றுமில்லை, அப்பா இல்லை என்பதைத் தவிர.

படுக்கையில் இருந்த காலமெல்லாம் வேளை தவறாமல் வந்து பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், எங்களுக்கு அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்து தந்த தெருக்காரர்களுக்கும், துஷ்டிக்குத் துக்கம் விசாரிக்க வந்த வியாபாரிகளுக்கும், பந்தலிலிருந்து பதினாறாம் நாள் வரை கூடவே நின்ற மாரியம்மாள் அக்காவுக்கும் கருப்பசாமி அண்ணனுக்கும் அவருடைய மனைவிக்கும், அத்தானுக்கும், எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. பெரியப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வயதில்லை. அவர் செய்த ஒன்றை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

காரியம் முடிந்து கம்பெனியைத் திறந்த நாள் அது. சீசன். வடக்கே போக வேண்டிய லோடு காத்திருந்தது. இந்தத் தள்ளாத வயதில் பெரியப்பா விடியுமுன் குளித்து, தடியை ஊன்றிக்கொண்டு கம்பெனி வாசலில் போய் நின்றார். அண்ணன்மாரும் நானும் உடன் இருந்தோம். ஆட்கள் வந்தார்கள். பெரியப்பா ஒவ்வொருவரையும் "வாங்க" என்றார். வாழ்நாளில் அவர் யாரையும் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒவ்வொருவரையும் லேபிள் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி அனுப்பினார். கடைசி ஆள் வரைக்கும் அப்படியே. கருப்பசாமி அண்ணனையும் அங்கேதான் அனுப்பினார்.

அத்தான் மெதுவாகக் கேட்டார்: "மாமா, எல்லாரையும் அனுப்பிட்டா மருந்துக்கு யாரு?"

"ஒருத்தருக்கும் இன்னைக்கு மனசு சரியில்ல மாப்ள" என்றார் பெரியப்பா. "மருந்து ரூமப் பூட்டுங்க. லோடு காத்துக் கெடக்கட்டும்."